நல்லர்போர் வழியாக கேரவன் இழுக்க டீசல் யூட்டை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: 2024 பிப்ரவரி 9

அண்ணா, ஏப்ரலில் அடிலெய்டிலிருந்து பெர்த்துக்கு வீடு மாறுகிறோம். ஃபோர்டு ரேஞ்சர் 3.2 டீசல் யூட் (பின்னால் சரக்கு ட்ரே உள்ள பிக்கப் வண்டி), இரட்டை கேபின், 2016 மாடல். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். கேரவனைப் பின்னால் மாட்டி நல்லர்போர் சமவெளி வழியாகவே ஓட்டி வந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம். கேரவன் தகட்டில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடை 2,800 கிலோ, வண்டியின் இழுவைத் திறன் 3,500. இன்னும் 700 கிலோ கையில் இருக்கிறது. ஏர்பேக் (பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை), எஞ்சின் ரீமேப் (கணினி அமைப்பை மாற்றி சக்தியைக் கூட்டுவது), கூரைமேல் ஜெர்ரி கேன் (உபரி டீசலுக்கு), பெரிய ரேடியேட்டர், இதில் எதை முதலில் செய்வது?

பிப்ரவரி 9, இரவு

முதலில் எடை மேடைக்குப் போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த 700 கிலோ உங்கள் கையில் இல்லை. விளம்பரத்தில் வரும் 3,500 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நம்மில் பலரும் கேரவன் வாங்குகிறோம். உங்கள் வண்டிக்கு இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. வண்டி மட்டும் தாங்கக்கூடிய மொத்த எடை, ஜி.வி.எம்., 3,200 கிலோ. வண்டியும் கேரவனும் சேர்ந்த மொத்த எடை, ஜி.சி.எம்., 6,000 கிலோ. 3,500 கிலோவை உண்மையிலேயே இழுத்தால் வண்டிக்கு மிஞ்சுவது 2,500. வெறும் வண்டியே சுமார் 2,200 கிலோ இருக்கும். மீதி 300 கிலோவுக்குள் நாலு பேர், முன்பக்க இரும்புத் தடுப்பான புல்பார், ட்ரேயை மூடும் கூண்டான கேனப்பி, ஃபிரிட்ஜ், பெட்டி படுக்கை எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது.

உங்கள் கேரவன் 2,800 என்பதால் ஜி.சி.எம். உங்களைக் கடிக்காது. கடிக்கப்போவது வேறொன்று என்று நினைக்கிறேன். எண்கள் வரட்டும்.

பிப்ரவரி 10

எடை போடும் முறையைக் கேட்டிருக்கிறீர்கள். பயணத்தன்று எப்படிக் கிளம்புவீர்களோ அதேபோல ஏற்றிக்கொண்டு போங்கள். டேங்க் நிறைய டீசல், கேரவன் தொட்டிகளில் தண்ணீர், பிள்ளைகள் இருக்கையில்.

கேரவனைக் கழற்றிவிட்டு வண்டியின் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் தனித்தனியாக நிறுத்தி எடை எடுங்கள். பிறகு கேரவனை மாட்டி மறுபடி முன், பின். கடைசியாக, மாட்டிய நிலையிலேயே கேரவன் சக்கரங்கள் மட்டும் மேடைமேல். மாட்டியபின் வண்டியின் எடை எவ்வளவு கூடியதோ, அதுதான் கொக்கிக் குண்டில் இறங்கும் எடை. அது கேரவன் மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் இருந்தால் நல்லது. ரொம்பக் குறைந்தால் கேரவன் வாலாட்ட ஆரம்பிக்கும்.

மேடைக்காரரிடம் ஆக்சில் வாரியாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மொத்த எடை மட்டும் எழுதிய சீட்டு நமக்குப் போதாது.

பிப்ரவரி 13

ரீமேப் பற்றி. வேண்டாம்.

உங்கள் எஞ்சின் 147 கிலோவாட், 470 நியூட்டன் மீட்டர். நல்லர்போர் பெரும்பாலும் தட்டை. ஏற்றம் என்று சொன்னால் மதுரா பாஸ் ஒன்று வரும், அதுவும் குறுகிய ஏற்றம்தான். நம் மதுரை இல்லை, சாலையோர ரோட்ஹவுஸ் (டீசலும் சாப்பாடும் கிடைக்கும் நிறுத்தம்) ஒன்றின் பெயர். இதற்கு இருக்கும் சக்தியே தாராளம். கூடுதல் சக்தி கூடுதல் வெப்பமாகத்தான் வரும், அந்த வெப்பம் போய் உட்காரும் இடம் கியர்பாக்ஸ்.

அந்தப் பணத்தில் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றுங்கள். ஓ.பி.டி. துளையில் (வண்டியின் கணினியோடு இணைக்கும் இடம்) செருகி ஃபோனில் வெப்பநிலை காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்குங்கள். டாஷ்போர்டு முள்ளை நான் நம்புவதில்லை. அது நடுவிலேயே நின்றுகொண்டிருக்கும், நகரும்போது காரியம் கெட்டிருக்கும். கியர்பாக்ஸ் ஆயில் 100 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். 115, 120 என்று ஏறினால் வேகத்தைக் குறைத்து ஒரு கியர் இறக்குங்கள். எதிர்க்காற்றில் ஆறாவது, ஐந்தாவது என்று கியர் மாறிமாறி விழுந்துகொண்டிருந்தால் கைமுறைக்கு மாற்றி ஐந்திலேயே வைத்துவிடுங்கள். அப்படி மாறும்போதுதான் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் லாக் திரும்பத்திரும்பக் கழன்று ஆயில் சூடாகிறது.

பெரிய ரேடியேட்டரும் வேண்டாம். இருக்கிற ரேடியேட்டரின் முன்பக்கம் அடைந்திருக்கும் பூச்சியையும் மண்ணையும் தோட்டத்துக் குழாயால் பின்பக்கமிருந்து மெதுவாகக் கழுவுங்கள். கூலன்ட் ஹோஸ்களை அழுத்திப் பாருங்கள். உப்பியோ கல்லாகவோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பிப்ரவரி 14

டீசல் ஃபில்டர் உபரியாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், அதைக் கழற்றத் தேவையான சாவியோடு. அதைப் போடும் விதத்தை வீட்டிலேயே ஒருமுறை பழகிவிடுங்கள். ஃபில்டரில் தண்ணீர் என்று விளக்கு எரிந்தால் "அடுத்த ஊரில் பார்க்கலாம்" என்று ஓட்டவே கூடாது. காமன் ரெயில் எஞ்சினில் தண்ணீர் இன்ஜெக்டர்வரை போய்விட்டால் வரும் பில் கேரவன் விலையை எட்டிப் பிடிக்கும்.

பிப்ரவரி 18

"ஏர்பேக் போட்டு வருஷக்கணக்காக இழுக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதை மறுக்கவில்லை. அளவான லோடில், நல்ல சாலையில் ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். ஆனால் கேட்டவர் ஏர்பேக் வாங்க நினைத்த காரணம் எனக்குப் பயம் தருகிறது: கேரவனை மாட்டினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறதாம்.

பின்பக்கம் உட்காருவது வண்டி நமக்குச் சொல்லும் சேதி. ஏர்பேக் அந்தச் சேதியை மறைக்கும், எடையைக் குறைக்காது. பட்டை ஸ்பிரிங் சேஸில் (வண்டியின் அடிச்சட்டம்) இரண்டு இடத்தில் பிடித்திருக்கும், முன்கண்ணில் ஒன்று, பின் ஷேக்கிளில் ஒன்று. சுமை அந்த இரண்டு இடத்துக்கும் பிரியும். ஏர்பேக் நடுவில், ஆக்சிலுக்கு நேர்மேலே ஒரே புள்ளியில் சேஸை முட்டுகிறது. பின்னால் கேனப்பி, அதற்கும் பின்னால் கொக்கியில் 300 கிலோ, குண்டும்குழியுமான சாலை. இரட்டை கேபின் யூட்களின் சேஸ் கேபினுக்கும் ட்ரேக்கும் இடையே மடங்கி நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள், பல சம்பவங்களில் இதே சேர்க்கைதான்.

கொக்கியில் 300 கிலோ வைத்தால் பின் ஆக்சிலில் 300தானே ஏறும் என்று நினைப்போம். காவடியைத் தோளில் வைத்து ஒரு பக்கம் மட்டும் பாரம் கட்டினால் மறுபக்கம் எழுமே, அந்தக் கணக்குதான் இங்கேயும். உங்கள் வண்டியில் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே சுமார் 3.2 மீட்டர். கொக்கிக் குண்டு பின் ஆக்சிலுக்கு 1.3 மீட்டர் பின்னால் என்று வையுங்கள். 300 கிலோ அங்கே இறங்கினால் பின் ஆக்சிலில் ஏறுவது சுமார் 420. முன் ஆக்சிலிலிருந்து 120 கிலோ எழும்பிப் போய்விடும். ஸ்டீயரிங்கையும் பிரேக்கின் பெரும்பங்கையும் தாங்குவது அந்த முன் சக்கரங்கள்.

பிப்ரவரி 25

கேள்வி கேட்டவர் எடைச் சீட்டை அனுப்பிவிட்டார். அனுமதியோடு இங்கே போடுகிறேன்.

கேரவன் இல்லாமல்: முன் 1,300, பின் 1,560, மொத்தம் 2,860.
மாட்டியபின்: முன் 1,190, பின் 1,940, மொத்தம் 3,130.
கேரவன் சக்கரங்கள்: 2,480.

கொக்கியில் 270. கேரவன் மொத்தம் 2,750, அது தகட்டுக்குள். வண்டி 3,130, அதுவும் 3,200க்குள். சேர்ந்து 5,610, ஆறாயிரத்துக்கு வெகு கீழே. எல்லாம் சரி என்று சீட்டை மடித்து வைத்துவிடத் தோன்றும்.

பின் ஆக்சிலைப் பாருங்கள். அவர் வண்டிக்குப் பின் ஆக்சில் அனுமதி 1,850. இருப்பது 1,940. மூன்று கணக்கிலும் தேறி, நாலாவது கணக்கில் 90 கிலோ தவறுகிறது. இரட்டை கேபின் யூட்டில் கேரவன் இழுப்பவர்களுக்கு இது ரொம்பச் சாதாரணமாக நடப்பது, ஆக்சில் வாரியாக எடை போடாமல் தெரியவே தெரியாது. இந்த நிலையில் ஏர்பேக் போட்டிருந்தால் வண்டி மட்டமாக நின்றிருக்கும், படமும் அழகாக வந்திருக்கும், 1,940 அப்படியே இருந்திருக்கும்.

எதை இறக்குவது என்று பட்டியல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கேரவனுக்கு மாற்றலாமே என்றால் அங்கே 50 கிலோதான் இடம். ஆக, சில சாமான்கள் லாரியில்தான் போக வேண்டும்.

மார்ச் 2

டயர். டயரில் எழுதியிருக்கும் சுமை எண்ணைப் பாருங்கள். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ, 120 என்றால் 1,400. பின் ஆக்சில் 1,850க்கு 112 போதும், கணக்குப்படி. ஆனால் வெயிலில் நாள் முழுக்க ஓடப்போகிற டயரை நான் கணக்கின் விளிம்பில் வைக்க மாட்டேன். எல்.டி. வகை, அதாவது லைட் டிரக் டயர் போட்டுக்கொள்ளுங்கள்.

காற்று: காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து எழுதி வையுங்கள். ஒரு மணிநேரம் ஓடியபின் நிறுத்தி மறுபடி அளங்கள். நாலு பி.எஸ்.ஐ. அளவு ஏறியிருந்தால் சரி. எட்டு, பத்து என்று ஏறியிருந்தால் காற்று குறைவாக இருந்து டயர் நெளிந்து சூடாகியிருக்கிறது, மறுநாள் காலை கூட்ட வேண்டும். சூடான டயரில் காற்றை இறக்கிச் சரிசெய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மார்ச் 3

மேலே சொன்னதோடு ஒன்று. கேரவன் டயரின் பட்டன் தேயவில்லை என்பதால் நல்ல டயர் என்று எண்ண வேண்டாம். கேரவன் வருஷத்தில் பாதி வெயிலில் நின்றுகொண்டிருக்கும், டயர் ஓடாமலே கிழடாகும். பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 3517 என்றால் 2017ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. உங்கள் படத்தில் இருப்பது கிட்டத்தட்ட அந்த வயது. நாலையும் மாற்றுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து.

மார்ச் 10

இன்று பேரிங். இதைப் பற்றி எழுதாமல் இந்த இழையை முடிக்க எனக்கு மனம் வராது.

ஒருமுறை கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு பட்டறையில் கேரவன் பேரிங் சர்வீஸ் செய்துகொண்டு புறப்பட்டேன். புதுக் கிரீஸ், புது சீல், ரசீது எல்லாம் உண்டு. முதல் நிறுத்தத்தில் வழக்கம்போல நாலு ஹப்பிலும் (பேரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதி) கை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். மூன்று ஹப் வெதுவெதுப்பு. இடது பின் ஹப்பில் விரல் வைக்க முடியவில்லை. மூடியின் ஓரத்தில் கிரீஸ் கசிந்து பழுப்பாகிக் கருகல் வாடை. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினால் கையை எடுத்ததும் நின்றுவிட்டது. மூடியைத் தட்டிக் கழற்றி, ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைத் தளர்த்தினேன். அவ்வளவு இறுக்கமாக முடுக்கியிருந்தார்கள். சக்கரம் சுலபமாகச் சுற்றும் அளவுக்கு விட்டு, புது ஸ்பிளிட் பின் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடி தொட்டுப் பார்த்தேன். மற்ற மூன்றோடு ஒத்துப்போனது. அங்கே கை வைக்காமல் போயிருந்தால் பேரிங் எரிந்து ஸ்டப் ஆக்சிலோடு போயிருக்கும், அடுத்த ரோட்ஹவுஸ் 180 கிலோமீட்டர் தள்ளி.

அதனால்: சர்வீஸைக் கிளம்புவதற்கு முந்தைய நாள் செய்யாதீர்கள். செய்தபின் நூறு இருநூறு கிலோமீட்டர் உள்ளூரிலேயே இழுத்துப் பாருங்கள். வழியில் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஹப்பைத் தொடுங்கள், கூச்சப்பட வேண்டாம். பிரேக் பிடித்து நிறுத்திய உடனே டிரம் இயல்பாகவே சூடாக இருக்கும் என்பதால், கூடிய மட்டும் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துங்கள். கையில் பிடிக்கும் வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. எண்ணைவிட, நாலுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

கேரவன் பேரிங் ஒரு செட், சீல், கிரீஸ், ஸ்பிளிட் பின் இவை என் வண்டியில் எப்போதும் இருக்கும். சக்கர நட்டுகளையும் முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை முடுக்கிவிடுங்கள், டார்க் ரெஞ்சால்.

மார்ச் 16

பிரேக். கேரவன் 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் இருக்க வேண்டும், அறுந்து கழன்றுபோனால் தானாகப் பிடித்து குறைந்தது 15 நிமிடம் நிற்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் தானியங்கிப் பிரேக்குக்கு ஒரு சின்ன பேட்டரி உண்டு, அதை யாரும் பார்ப்பதில்லை. பின்னை உருவிவிட்டு வண்டியை மெல்ல முன்னால் நகர்த்துங்கள். கேரவன் சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும். 2,500க்கு மேல் என்பதால் சங்கிலி இரண்டு, முத்திரை உள்ள ஷேக்கிளோடு (சங்கிலியை மாட்டும் இணைப்பு வளையம்), கொக்கிக்கு அடியில் குறுக்காக.

கேபினில் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைப்பொத்தான் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரிய வேண்டும். கேரவன் வாலாட்டத் தொடங்கினால் கால் தானாக வண்டியின் பிரேக்குக்குப் போகும். போகக் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கேரவன் பிரேக்கை மட்டும் கையால் கொடுங்கள். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல நேராகிவிடும். மனைவியும் ஓட்டுவார் என்றால் அவரும் இதைப் பழக வேண்டும், காலி மைதானத்தில், இருவரும்.

உள்ளே சாமான்: கனமானது தரையில், ஆக்சிலுக்கு மேலே. பின்னால் சைக்கிள் மாட்டும் ஆசையை விட்டுவிடுங்கள்.

மார்ச் 17

மறு எடை வந்துவிட்டது. ட்ரேயின் பின்பகுதியிலிருந்து ஜெர்ரி கேன்கள், கருவிப்பெட்டி, இரண்டாவது ஸ்டெப்னி, ஆக 110 கிலோ இறக்கியிருக்கிறார். முன் 1,195, பின் 1,825. மொத்தம் 3,020. தேறிவிட்டது! இறக்கியது ஆக்சிலுக்கும் பின்னால் இருந்ததால், பின்னால் 115 குறைந்து முன்னால் 5 கூடியிருக்கிறது, பாருங்கள்.

எடையைப் பகிரும் கம்பி, அதுதான் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச், அது வேண்டுமா என்றும் கேட்கிறார். முன்பெல்லாம் எல்லாருக்கும் பரிந்துரைத்தேன். இப்போது எடையைக் குறைத்த பிறகும் முன்பக்கம் லேசாக எழும்பினால் மட்டும் சொல்கிறேன். அது பின் ஆக்சில் சுமையில் கொஞ்சத்தை முன்னுக்குத் தள்ளும், ஆனால் அதிக லோடுக்கு அனுமதிச்சீட்டு தராது. உங்களுக்கு இப்போது அவசியமில்லை.

மார்ச் 23

ஜெர்ரி கேன் இல்லாமல் போகலாமா என்ற பயம் வந்திருக்கிறது. போகலாம். உங்கள் டேங்க் 80 லிட்டர். கேரவனோடு நூறு கிலோமீட்டருக்கு 18 லிட்டர் என்று வைத்தால் 440 கிலோமீட்டர். கடும் எதிர்க்காற்றில் 22 ஆனாலும் 360. வழியில் வரும் செடுனா ஊருக்கு மேற்கே டீசல் கிடைக்கும் இடங்களுக்கு நடுவே மிகப் பெரிய இடைவெளிகள் 190 கிலோமீட்டர் அளவுதான்: நல்லர்போர் ரோட்ஹவுஸிலிருந்து பார்டர் வில்லேஜ், கைகூனாவிலிருந்து பல்லடோனியா, பல்லடோனியாவிலிருந்து நார்ஸ்மன். பாதி டேங்கில் நிரப்பும் பழக்கம் இருந்தால் போதும். விலை உள்ளே போகப்போக ஏறும், அதற்காக இரண்டு நிலையங்களைத் தாண்டிப் பார்க்கும் கணக்கு வேண்டாம்.

டீசலைத் தின்பது எடையைவிடக் காற்று. கேரவனின் முகம் ஒரு சுவர். 100இல் போவதற்கும் 90இல் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் மீட்டரிலேயே பார்ப்பீர்கள். எப்படியும் மேற்கு ஆஸ்திரேலியாவில் இழுத்துக்கொண்டு போனால் 100தான் உச்சம். முதல்நாள் இரவே காற்றின் திசையைப் பார்த்துவிட்டு, மோசமென்றால் விடிந்ததும் கிளம்பி மதியத்தோடு நிறுத்துங்கள். விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பின்பும் ஓட்டவே வேண்டாம், கங்காருக்கள் நடமாடும் நேரம்.

கைகூனாவுக்கும் பல்லடோனியாவுக்கும் நடுவே 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத சாலை. தூக்கம் அங்கேதான் வரும். சாலையிலேயே பறக்கும் மருத்துவர் விமானம் இறங்கக் கோடு போட்டிருக்கும் இடங்கள் வரும், பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், ஓட்டுபவரும் விழித்திருப்பார்.

ரோட் டிரெயின், அதாவது பல டிரெய்லர் கோத்த லாரி, 36.5 மீட்டர் நீளம் இருக்கும். பின்னால் வந்தால் யு.எச்.எஃப். ரேடியோவின் 40ஆம் சேனலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, உங்கள் வேகத்தையும் கோட்டையும் மாற்றாமல் இருங்கள். அவர் தாண்டும்போது காற்று முதலில் உங்களைத் தள்ளும், பிறகு இழுக்கும்.

மார்ச் 24

கறிவேப்பிலைச் செடியை என்ன செய்வது என்று அவர் மனைவி கேட்டிருக்கிறார். தொட்டியோடு கொண்டுவரும் எண்ணம் வேண்டாம், எல்லையில் விட மாட்டார்கள். அடிலெய்டில் நல்ல கை ஒன்று பார்த்துக் கொடுத்துவிடுங்கள். பார்டர் வில்லேஜில் மேற்கு ஆஸ்திரேலிய அதிகாரிகள் கேரவன் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார்கள். பழம், காய், தேன் எதுவும் கூடாது. வெங்காயம், தக்காளி, எலுமிச்சை எல்லாவற்றையும் முதல்நாள் இரவே சமைத்துத் தீர்த்துவிடுங்கள். பெர்த்தில் கறிவேப்பிலைக்குப் பஞ்சமில்லை, வந்ததும் நானே கன்று தருகிறேன்.

ஏப்ரல் 1

கிளம்பும் முன் கடைசியாக. பாதையெல்லாம் தட்டை என்று நானே மேலே எழுதியிருக்கிறேன், அதில் ஒரு விதிவிலக்கு: கிரேட் ஈஸ்டர்ன் நெடுஞ்சாலையில் பெர்த்துக்குள் நுழையும் முன் கிரீன்மவுண்ட் இறக்கம். ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர் ஓட்டிக் களைத்து, வீடு வந்துவிட்டது என்று மனம் தளரும் நேரத்தில் செங்குத்தாக இறங்கும், கீழே மிட்லண்ட் சிக்னல். லாரிகளுக்குக் கீழ்கியர் கட்டாயம், உங்களுக்கும் அதுதான் நல்லது. உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, கைமுறையில் மூன்றுக்கு இறக்குங்கள். டீசல் எஞ்சின் காலை எடுத்ததும் பெட்ரோல்போலத் தானாகப் பிடிக்காது, கியர்தான் பிடிக்க வேண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்காமல், அழுத்திக் குறைத்து விடுங்கள், மறுபடி அழுத்துங்கள்.

ஏப்ரல் 20

வந்து சேர்ந்துவிட்டார்கள். டயர் வெடிக்கவில்லை, எதுவும் எரியவில்லை. கியர்பாக்ஸ் அதிகபட்சம் 104 காட்டியதாம், அதுவும் மதுரா பாஸில் மட்டும். மண்ட்ரபில்லாவுக்கு முன் எதிர்க்காற்றில் 23 லிட்டர் குடித்திருக்கிறது. என் கணக்கைவிட ஒரு லிட்டர் கூட, அதையும் மேலே உள்ளதோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இன்று அவர் வீட்டு வாசலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தோம். மண் அப்பியிருந்தது, மாற்றியாயிற்று. எஞ்சின் ஆயிலை இந்த வாரமே மாற்றச் சொல்லியிருக்கிறேன், கையேட்டில் இன்னும் தூரம் இருந்தாலும். அடுத்து டொயோட்டா லேண்ட் குரூசர் 70 சீரிஸ் வைத்து இதே பாதையைக் கேட்டவருக்கு: உங்கள் எடைச் சீட்டு முதலில் வரட்டும்.